கலண்டர் ஆடவில்லை

இது நடந்தது 2010ஆம் ஆண்டு மார்கழி மாதம். பாரிஸ் லாச்சப்பலில், தமிழ்க் கடைகள் இருக்கும் தெருவிலிருந்து இரண்டு திருப்பம் தள்ளி ஒரு பழைய கட்டடம். அதன் மூன்றாம் மாடியில் ஓர் அறையில் நானும் கணவரும் இருந்தோம். பிரான்சுக்கு வந்து நாலு மாதம். அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த காலம். கையில் இருந்தது ஒரேயொரு தற்காலிகக் கடதாசி. அதை மூன்றாக மடித்துக் கைப்பையில் வைத்திருப்பேன். இருக்கிறதா என்று ஒரு நாளைக்கு நாலு தடவை திறந்து பார்ப்பேன். எதைக் கண்டாலும் பயப்படுகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு கதையைக் கேட்டுவிட்டு என்னைத் திட்டக்கூடாது.

அந்த வீடு எங்களுடையது அல்ல. யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் தன் பெயரில் வாடகைக்கு எடுத்த வீடு. ஓர் அறையில் அவரும் மனைவியும், மற்றதில் நாங்கள். கீழே தபால் பெட்டியில் அவர்களுடைய பெயர் மட்டும்தான். எங்கள் கடிதங்கள் பாரிசுக்கு வெளியே திரான்சியில் இருந்த ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும். நாங்கள் அங்கே குடியிருப்பது கட்டடத்துக்காரருக்குத் தெரியாது. லாச்சப்பலில் அப்போது பலபேர் இப்படித்தான் இருந்தார்கள். இருக்கிறோம், ஆனால் இல்லை.

போன முதல் நாளே அந்த அண்ணையின் மனைவி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து வீட்டுச் சட்டங்களைச் சொன்னார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனம், கறாரான வாய்.

"மணி அடிச்சாலும் கதவு திறக்காதையும். எங்கட ஆக்கள் எண்டா கீழ நிண்டு போன் அடிச்சிட்டுத்தான் வருவினம். இந்த அட்ரசை ஆருக்கும் குடுக்காதையும். பக்கத்து வீட்டு மதாம் சுவரிலை தட்டினா, என்ன சத்தம் போகுதோ அதைக் குறைச்சிட வேணும். மனுசி போய் கட்டடக்காரனிட்டைச் சொன்னா எல்லாரும் றோட்டிலைதான்."

நான் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். கதவைத் திறக்காமல் இருப்பது எனக்குப் பெரிய காரியமே அல்ல. நாங்கள் வந்த இடத்தில் கதவைத் தட்டுகிறவர்களைப் பற்றி நான் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மதாமுக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். தனியாக இருந்தார். கையில் ஒரு கைத்தடி, தலையில் எப்போதும் ஒரு சாம்பல் நிறத் தொப்பி. மாடிப்படியில் எதிரே வந்தால் நான் "பொன்ஷூர்" என்று முணுமுணுத்துவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொள்வேன். அவர் பதில் சொன்னாரா இல்லையா என்றுகூட நின்று கேட்டதில்லை. போன இரண்டாவது கிழமை செத்தல் மிளகாயை வறுத்துச் சின்ன உரலில் இடித்தேன். நாலு இடிதான் இடித்திருப்பேன். டக், டக், டக் என்று சுவரில் மூன்று அடி. எங்கள் பக்கச் சுவரில், என் தலை உயரத்துக்கு, தமிழ்க் கடையில் வாங்கிய முருகன் கலண்டர் ஒன்று தொங்கியது. மதாம் தடியால் தட்டிய தட்டில் அது ஆணியோடு சேர்ந்து ஆடியது. முருகனே ஆடிப்போனார் என்றால் நான் எம்மாத்திரம்! அன்றிலிருந்து மிளகாயைக் கடையில் தூளாகவே வாங்கினோம்.

பிறகும் அந்தக் கலண்டர் அடிக்கடி ஆடியது. தாச்சி கழுவினால் ஆடும். கணவர் தடிமனில் பலமாகத் தும்மினால் ஆடும். கலண்டர் ஆடினால் நான் மூச்சையும் பிடித்துக்கொள்வேன்.

அன்று ஒரு வேலை நாள். என் கணவர் சென் தெனியில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். பெயர் பதியாத வேலை. போனை உடுப்பு மாற்றும் அறையில் வைத்துவிட்டுத்தான் குசினிக்குள் போக வேண்டும். அண்ணை ஒபர்வில்லியேயில் ஒரு சாமான் களஞ்சியத்தில் வேலை, அக்கா துப்புரவு வேலை. பகல் முழுவதும் வீட்டில் நான் தனி.

"பிரெஞ்சு பழக வேணுமெண்டா ரீவியைப் போட்டு விட்டிட்டு இருங்கோ தங்கச்சி, காதுக்குள்ளை தானாப் போகும்" என்று அண்ணை சொல்லியிருந்தார். அப்படித்தான் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தொலைக்காட்சியைப் போட்டேன். அடுப்பில் பருப்பு. வெளியே இருண்டு கிடந்த வானம், எந்த நேரமும் பனி கொட்டும் போல.

ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் தொடங்கியிருந்தது. ஆங்கிலப் படம், குரல் மட்டும் பிரெஞ்சு. வாய் ஒரு பக்கம் போகும், சொல் இன்னொரு பக்கம் போகும். குதிரை வண்டிகள், புகையாய்ப் பனிமூட்டம், தெருவில் எரியும் காஸ் விளக்குகள், உயரத் தொப்பி வைத்த ஆண்கள். ஒரு கூடத்துச் சுவரில் விக்டோரியா மகாராணியின் படம் தொங்கியது. அதை வைத்து இது எந்தக் காலத்து இலண்டன் என்று கண்டுபிடித்தேன். வேறெதுவும் விளங்கவில்லை. ஆனாலும் ஒரு பொல்லாத விஷயம் நடக்கப்போகிறது என்பது விளங்கியது. அதற்கு மொழி தேவையில்லையே.

கதை இதுதான். பலபேர் அறை அறையாக வாடகைக்கு இருக்கும் ஒரு பெரிய வீடு. மேல் மாடியில் ஒரு பணக்காரக் கிழவி. அடுத்த அறைகளில் ஒரு தையல்காரி, ஒரு குமாஸ்தா, ஓய்வுபெற்ற ஒரு கப்பல்காரர். கறுப்பு நீளக் கோட்டும் கறுப்புத் தோல் பையுமாக ஒருவர் படியேறி வருகிறார். முகத்தைக் காட்டவில்லை. சப்பாத்தை மட்டும்தான் காட்டினார்கள். அந்தச் சப்பாத்து ஒவ்வொரு படியாக ஏறும்போது நான் கட்டிலில் பின்னுக்குப் பின்னுக்கு நகர்ந்தேன். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. என் சொந்தப் பயங்களோடு பார்த்தால் அந்தப் பயம் எவ்வளவோ லேசாக இருந்தது. அது பெட்டிக்குள் இருக்கிற பயம். பொத்தானை அழுத்தினால் போய்விடும்.

சப்பாத்து மேல் மாடிக்கு வந்து நின்றது. அப்போது டொக், டொக் என்று கேட்டது. படத்தில்தான் என்று நினைத்தேன். படத்தில் யாரும் எதையும் தட்டவில்லை. மறுபடியும் கேட்டது. மதாம்!

பதறிப்போய் தொலைக்காட்சியின் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தேன். தட்டுவது நின்றது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் டொக், டொக். இந்த முறை குக்கரின் விசில்தான் காரணம் என்று முடிவு செய்து ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். பருப்பு அரைவேக்காடு. பரவாயில்லை. சத்தம் நின்றது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். படத்தில் அந்தக் கிழவி செத்துப்போயிருந்தார். உள்ளே பூட்டிய அறை, கம்பளத்தில் கிடக்கும் ஒரு கை. எனக்குப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். மறுபடியும் தட்டல். இன்னும் என்ன? என் செருப்புச் சத்தமா? செருப்பைக் கழற்றி மூலையில் வைத்தேன். வெறுங்காலோடு, குளிர்ந்த தரையில், பூனை மாதிரி நடந்தேன். அப்போதும் தட்டல். அழுகை வந்துவிட்டது. இந்த மனுசிக்கு நான் மூச்சு விடுவதும் கேட்கிறதா? நாளைக்கே கட்டடக்காரனிடம் போய்ச் சொல்லப் போகிறார். அக்காவையும் அண்ணையையும் நான் நடுத்தெருவில் நிறுத்தப் போகிறேன். தொலைக்காட்சியின் சத்தத்தை முழுவதுமாக நிறுத்தினேன். போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டு, சத்தமே இல்லாத அந்தப் படத்தைப் பார்த்தபடி இருந்தேன். தட்டல் மெலிந்து மெலிந்து, பிறகு நின்றே போனது. 'அப்பாடா' என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

நடுநடுவே நீண்ட விளம்பரங்களோடு இழுத்த படத்தில் ஒரு வழியாகத் துப்பறிகிறவர் வந்துவிட்டார். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு விசாரிக்கிறார். சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துக் காட்டிக் காட்டிக் கேட்கிறார். எத்தனை மணிக்கு, என்ன கேட்டது என்கிறார் என்பது விளங்கியது. எல்லோரும் தலையை ஆட்டுகிறார்கள். ஒன்றும் கேட்கவில்லையாம். பிறகு அன்றைக்கு உண்மையில் நடந்ததைக் காட்டினார்கள். கிழவி உயிருக்குப் போராடியபடி தரையில் கிடந்து, தன் சப்பாத்தின் குதியால் சுவரில் தட்டுகிறார். குமாஸ்தா யன்னலைச் சாத்துகிறான். கப்பல்காரர் புரண்டு படுக்கிறார். தையல்காரி தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தவள், தட்டல் கேட்டுக் காலை எடுக்கிறாள். மெஷின் நிற்கிறது. அவள் காது கொடுத்துக் கேட்டபடி அப்படியே இருக்கிறாள். எழும்பவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "எழும்பிப் போய்ப் பாரனடி!" என்று தொலைக்காட்சியைப் பார்த்துச் சொன்னேன், வாய்விட்டே.

சொல்லி முடிய, துப்பறிகிறவர் அந்த அறையில் முழங்காலில் உட்கார்ந்து சுவரின் அடியைத் தடவுவதைக் காட்டினார்கள். சுவரின் அடியில், தரையோடு ஒட்டி, சின்னச் சின்னக் காயங்கள்.

நான் மெல்லத் திரும்பி எங்கள் சுவரைப் பார்த்தேன். கலண்டர் நேராகத் தொங்கியது. மத்தியானத்திலிருந்து மதாம் எத்தனை தடவை தட்டினார்! ஒரு தடவைகூட அந்தக் கலண்டர் ஆடவில்லை.

அப்போதுதான், அதுவரை காதில் விழுந்ததெல்லாம் மனதுக்குள் திரும்ப ஒழுங்காகக் கேட்டது. தடிச் சத்தம் மூன்று அடியாக, அவசரமாக, என் தலை உயரத்தில் வரும். இன்றைக்கு வந்தது இரண்டு இரண்டாக, நடுவில் நீண்ட இடைவெளி விட்டு, கீழே மின்சாரச் செருகிக்குப் பக்கத்திலிருந்து வந்தது. ஒரு மனிதர் நின்றுகொண்டு அந்த இடத்தில் தட்ட முடியாது.

தரையில் உட்கார்ந்து, சுவரின் அடியில் காதை வைத்தேன். ஒன்றும் இல்லை. என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. மடித்த விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று இருபது வரை எண்ணியிருப்பேன். மறுபக்கத்திலிருந்து ஒரேயொரு தட்டு வந்தது. தட்டு என்றும் சொல்ல முடியாது. உரசல்.

மணி நாலரை ஆகியிருந்தது. யன்னலுக்கு வெளியே முற்றத்துப் பக்கம் முழுக்க இருண்டுவிட்டது. கணவருக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. எடுக்கமாட்டார் என்று தெரிந்தும் நாலு தடவை அடித்தேன். பிறகு அண்ணைக்கு அடித்தேன். நல்ல காலம், எடுத்தார். சொன்னேன்.

"தங்கச்சி, நீங்கள் ஒண்டும் செய்யாதேங்கோ. பொம்பியேயைக் கூப்பிட்டா பொலிசும் சேர்ந்து வரும். பேர் கேப்பினம், எங்க இருக்கிறியள் எண்டு கேப்பினம். நான் ஆறு மணிக்கு வந்து என்னெண்டு பாக்கிறன்."

"அண்ணை, மனுசி நிலத்திலை கிடக்குது போல."

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

கலண்டர் ஆடவில்லை என்று அவருக்கு நான் எப்படி விளங்கப்படுத்துவது? போனை வைத்துவிட்டேன். அவரைக் குறை சொல்லமாட்டேன். பதினைந்து வருடம் அந்த ஊரில் பயந்து பயந்து கட்டிய வாழ்க்கை அவருடையது. பொம்பியே என்றால் அந்த ஊரில் தீயணைக்கிறவர்கள். விழுந்தவர்களைத் தூக்குகிறவர்களும் அவர்கள்தான். நல்லவர்கள்தான், ஆனால் சீருடை உடுப்புப் போட்டவர்கள். உடுப்புப் போட்டவர்களைக் கண்டால் எனக்குக் கால் தன்பாட்டில் பின்னுக்குப் போகும்.

ஆறு மணிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் நான் யார் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன் என்பது தெரிந்தது. காலை மெஷினிலிருந்து எடுத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டபடி இருந்தாளே, அவள் மாதிரி. துள்ளி எழும்பினேன்.

கதவைத் திறந்தேன். அந்தக் கட்டடத்தில் மாடிப்படி விளக்கு, பொத்தானை அழுத்தினால் ஒரு நிமிடம் எரிந்துவிட்டுத் தானாக அணையும். அழுத்திவிட்டு மதாமின் கதவடிக்குப் போய் "மதாம், மதாம்" என்று தட்டினேன். பதில் இல்லை. கதவு பூட்டியிருந்தது. உள்ளே வேறு யாரும் நிற்கிறார்களோ? அந்தக் கறுப்புக் கோட்டு, அந்தப் பை, அந்தச் சப்பாத்து எல்லாம் என் மண்டைக்குள் வந்து நின்றன. டிக் என்று விளக்கு அணைந்தது. அந்த இருட்டில் நான் போட்ட சத்தம் எந்த மொழி என்று எனக்கே தெரியாது. கீழே எங்கோ ஒரு கதவு திறந்து மூடியது. யாரோ படியேறுகிற மாதிரி இருந்தது. ஓடி வந்து உள்ளே பூட்டிக்கொண்டேன். பொம்பியேயைக் கூப்பிடும் இலக்கம், பதினெட்டை அழுத்தினேன். கிழமைக்கு ஒரு நாள் போகிற பிரெஞ்சு வகுப்பில் முதல் நாள் சொல்லித்தந்த இலக்கம் அதுதான்.

எனக்குத் தெரிந்தது முப்பது நாற்பது பிரெஞ்சுச் சொற்கள். அவற்றில் பாதி அந்த நேரத்தில் மறந்துபோனது. மதாம், வயசு, நிலம், தனி என்று ஒவ்வொரு சொல்லாகத் துப்பினேன். பிறகு போனை மேசையில் வைத்து டொக் டொக் என்று தட்டிக் காட்டினேன். மறுபக்கத்தில் பேசிய பெண் கோபப்படவில்லை. மெதுவாக ஒரே கேள்வியைக் கேட்டார். முகவரி. யாருக்கும் கொடுக்கக்கூடாத அந்த முகவரியை, தெரு, இலக்கம், மாடி, கீழ்க் கதவைத் திறக்கும் இலக்கக் குறியீடு என்று, ஒன்றும் விடாமல் சொன்னேன். சொல்லி முடித்ததும் வீட்டையே தூக்கித் தெருவில் வைத்துவிட்ட மாதிரி இருந்தது.

வந்துவிட்டார்கள். நான் நினைத்ததைவிட வெகு சீக்கிரம். பாரமான சப்பாத்துகள் படியில் ஏறும் சத்தம் கேட்டது. உள்ளே இருந்துவிடலாம், யார் கூப்பிட்டது என்று தெரியாமலே போய்விடும் என்று ஒரு மனம் சொன்னது. கதவைத் திறந்து வெளியே வந்து நின்றேன். கைப்பையை நெஞ்சோடு பிடித்தபடி நின்றேன், அந்தக் கடதாசி அதற்குள் இருக்கிறதே. அண்ணை சொன்னது சரி, அவர்களோடு ஒரு பொலிஸ்காரரும் வந்திருந்தார். கம்பியால் கதவை நெம்பியபோது ஏற்பட்ட சத்தத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மதாம் உயிரோடு இருந்தார். இடுப்பு எலும்பு முறிந்து, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தாராம். தூக்குப் படுக்கையில் கொண்டுவந்தபோது முகம் சாம்பலாக இருந்தது. தொப்பி இல்லாத தலையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கையில் ஒரு சப்பாத்து. அதை விடமாட்டேன் என்கிற மாதிரி பிடித்திருந்தார். என்னைத் தாண்டிப் போகும்போது என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன்.

பிறகு அந்தப் பொலிஸ்காரர் என்னிடம் வந்தார். சின்னக் கொப்பி ஒன்றைத் திறந்தார். விசா கேட்கப்போகிறார் என்று கைப்பையின் சிப்பை இழுத்தேன். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, மணிக்கூட்டைத் தொட்டுக் காட்டி, எத்தனை மணிக்குச் சத்தம் கேட்டது என்று கேட்டார்.

அது எனக்கு நன்றாகவே விளங்கியது. மணி கேட்பதும் சொல்வதும் போன கிழமைதான் படித்திருந்தோம்.

"மெந்தனோன்" என்றேன். இப்போதுதான் என்று அர்த்தம்.

அவர் எழுதிக்கொண்டார். "மெர்சி, மதாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். என்னிடம் யாரும் கடதாசி கேட்கவில்லை, யார் பெயரில் வீடு என்று கேட்கவில்லை. அந்த நேரம் கையில் மரக்கறிப் பையோடு படியேறி வந்த அண்ணை, பொலிஸ் உடுப்பைக் கண்டதும் வேறு யாருடைய வீட்டுக்கோ வந்தவர் போலத் திரும்பி இறங்கிப் போனார். எட்டு மணிக்குத்தான் வந்தார். அக்கா மட்டும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "செய்தது சரி. ஆனா அடுத்த முறை தெருவிலை நிண்டு போன் எடும்" என்றார்.

அடுத்த முறை! அதை நினைக்கவே எனக்குப் பயம். ஆனால் உண்மையான பயம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. இரண்டு மணியளவில் கேட்ட சத்தத்துக்கு ஐந்து மணியளவில்தான் போன் எடுத்தேன் என்பதை கணவருக்குக்கூடச் சொல்லவில்லை. மதாம் ஆசுப்பத்திரியில் செத்துப்போனால்? அந்தக் கொப்பியோடு பொலிஸ்காரர் திரும்பி வந்தால்? மணி அடித்தால் முன்பு திறக்கமாட்டேன், அவ்வளவுதான். அதன் பிறகு குளியலறைக்குள் போய் இருந்துகொள்வேன். அந்தப் படத்தின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. முடிவைப் பார்க்காததால் கொலை செய்தது யார் என்றும் தெரியாது. அது எனக்குத் தேவைப்படவும் இல்லை. என் நினைப்பில் வந்து வந்து உட்கார்ந்தது அந்தத் தையல்காரிதான்.

சித்திரை மாதம் மதாம் வீட்டுக்கு வந்தார், பிடித்து நடக்கும் சட்டத்தோடு. நாலைந்து நாள் கழித்து மத்தியானம் கலண்டர் ஆடியது. டக், டக், டக். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை, நான் சோற்றைப் பிசைந்துகொண்டு இருந்தேன். கையைக் கழுவிவிட்டுப் போனேன்.

உள்ளே கூப்பிட்டுக் கோப்பி தந்தார். அதற்குள் எனக்குப் பிரெஞ்சு ஓரளவு விளங்கும், அவரும் எனக்காக மெதுவாகப் பேசினார். எங்கள் சுவரின் மறுபக்கத்தை அன்றுதான் பார்த்தேன். அடியில், பூப்போட்ட சுவர்க் கடதாசியில், பிறை பிறையாகச் சின்னக் காயங்கள். எண்ண வேண்டாம் என்று பார்வையைத் திருப்பினேன். எதிரே மேசையில் ஒரு பெரிய மணிக்கூடு.

மதாம் சொன்னார்: "காலையில் விழுந்தேன். கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. சுவரடிக்கு இழுத்து இழுத்து வரவே மத்தியானம் ஆகிவிட்டது. தட்டினேன். உங்கள் தொலைக்காட்சியின் சத்தம் குறைந்தது. அந்த நேரம் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. கேட்டுவிட்டது, வருகிறாள் என்று நினைத்தேன். வரவில்லை. திரும்பத் தட்டினேன். குக்கர் நின்றது. சரி, இப்போது வருகிறாள் என்று நினைத்தேன். பிறகு எல்லாமே நின்றுபோனது. நீங்கள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிந்தது. ஏன் வரவில்லை என்றுதான் தெரியவில்லை."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எனக்கு இரண்டு மணிக்கே கேட்டது" என்றேன். அதைச் சொல்ல எனக்குத் தெரிந்த பிரெஞ்சு போதுமாகத்தான் இருந்தது.

அவர் மேசை மணிக்கூட்டைப் பார்த்தார். "ஒன்று ஐம்பது" என்றார்.

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சத்தத்தைக் குறைக்கச் சொல்லித்தான் தட்டுகிறீர்கள் என்று நினைத்தேன், கட்டடக்காரரிடம் சொல்லிவிடுவீர்கள் என்று பயந்தேன், செருப்பைக்கூடக் கழற்றி வைத்தேன் என்று சொன்னேன். செருப்பு என்றதும் அவர் முகம் மாறியது. சுவரில் சாத்தியிருந்த தன் கைத்தடியைப் பார்த்தார். "ஒரு தும்மலுக்குக்கூட நான் தட்டியிருக்கிறேன், இல்லையா?" என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. இருவரும் ஆறிப்போன கோப்பியைக் குடித்தோம்.

அன்றே ஓர் ஒழுங்கு செய்தோம். காலை எட்டு மணிக்கு அவர் ஒரு தட்டுத் தட்டுவார், நான் ஒரு தட்டுத் தட்டுவேன். அவ்வளவுதான் பேச்சு. நாலு வருடம் தட்டினோம், அவருடைய மகள் வந்து தன் ஊர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப் போகும் வரைக்கும். போகிற அன்றும் எட்டு மணிக்குத் தட்டினார். முருகன் ஆடினார். இந்த முறை நான் மூச்சைப் பிடிக்கவில்லை.

இப்போது எங்களுக்கு விசா இருக்கிறது, திரான்சியில் வீடு இருக்கிறது, தபால் பெட்டியில் எங்கள் பெயரே இருக்கிறது. போன மாதம் மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டில் சுவரைத் தட்டினார்கள். மிக்ஸியை நிறுத்திவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

"சத்தத்தைக் குறைக்கச் சொல்லித்தான் தட்டுகினம், எங்க வெளிக்கிடுறீர்?" என்றார் கணவர்.

"இருக்கட்டும், முகத்தைப் பாத்திட்டு வாறன்."

போய் மணி அடித்தேன். கதவைத் திறந்தவர், கையில் கரண்டியோடு நின்ற என்னைக் கண்டு கொஞ்சம் பயந்துதான் போனார். குழந்தை தூங்குகிறதாம், சத்தம் வேண்டாமாம். மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். கணவர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிக்கட்டும். ஒருவர் தட்டுவது சத்தத்தைக் குறைக்கச் சொல்லியா, உயிரைக் காப்பாற்றச் சொல்லியா என்று சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு முடிவு செய்ய எனக்கு இன்றைக்கும் பயமாகத்தான் இருக்கிறது.